லயாஷி மாட்டிய விளக்கு

என் அக்கா மெனானாவின் கணவர் லயாஷியைப் பற்றி எங்கள் மலையில் ஒரு கேலி ஓடிக்கொண்டிருக்கிறது. கஞ்சாச் செடியைப் பூக்கவிடாமல் செய்த ஒரே சம்சாரி அவர்தானாம். தர்கிஸ்த் சந்தையில் டீ குடிக்க உட்கார்ந்தால் போதும், யாராவது ஒருவன் இதை எடுத்துவிடுவான், மேசை முழுக்கச் சிரிக்கும். சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரைப் போலவே காட்டில் பதுங்கிக் கிடந்தவர்கள். அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நடந்தது என்னவென்று நான் சொல்லிவிடுகிறேன், அதற்கப்புறம் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

லயாஷி பெரிய கடத்தல்காரர் ஒன்றும் இல்லை. கெத்தாமா மலை என்றாலே வெளியூர்க்காரர்களுக்குத் தங்கப் பல்லும் கறுப்புக் கண்ணாடி போட்ட காரும்தான் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊர் தம்லால்த்தில் கார் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அதுவும் சந்தைக்கு ஆளேற்றும் கிழட்டு பென்ஸ். லயாஷிக்கு இருந்தது அவர் அப்பா கல் அடுக்கிக் கட்டிவிட்டுப் போன வயல்கள், சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக. மார்ச்சில் ஆட்டுப் புழுக்கை போட்டு உழுது விதைப்பார். மழை பெய்தால் வளரும், பெய்யாவிட்டால் முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும். இரண்டு வகையிலும் ஜூன் மாதம் பூத்துவிடும். பூப்பதற்குச் சற்று முன்னால், பூவில் விதை பிடித்துவிடாமல் இருக்க, பெண்கள் வயலில் இறங்கி ஆண் செடிகளைப் பிடுங்கிப் போடுவார்கள், ஆகஸ்ட் வெயிலில் அறுப்பு. எங்கள் நாட்டு விதைக்கு இதற்கு மேல் உபசாரம் தெரியாது. வருகிற காசில் மாவும் எண்ணெயும் வாங்கலாம், கூரைத் தகரம் மாற்றலாம், அவ்வளவுதான்.

அவரைக் காட்டிக்கொடுத்தது எல்லைத் தகராறு. வரப்பில் நின்ற அத்திமரம் யாருடையது என்று பக்கத்து ஊர்க்காரன் ஒருவனோடு வாய்ச்சண்டை. அவன் நேரே காவல் நிலையத்துக்குப் போய், லயாஷி கஞ்சா பயிரிடுகிறான் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். எழுதிக் கொடுத்தவன் வயலிலும் அதே செடிதான் நின்றது. இங்கே வேறென்ன விளைகிறது? ஆனால் பெயர் விழுந்தது லயாஷிக்கு. ஜீப் வந்தது, இவர் பின்பக்கமாக ஓடினார். அன்றிலிருந்து பதினோரு வருடம் அவர் தேடப்படும் ஆள்.

அப்படிப்பட்டவர்கள் எங்கள் ஊரில் வீட்டுக்கொருவர் இருந்தார்கள். அதனால் ஊருக்கென்று ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. பொழுது விழுந்தால் எந்த வீட்டிலும் வெளிச்சம் தெரியக் கூடாது. தேடப்படும் ஆள் இருக்கிற வீடு மட்டும் இருட்டாக இருந்தால் ஜீப்புக்காரர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும் அல்லவா? ஆகவே எல்லா வீடும் இருட்டு. சூரியன் இருக்கும்போதே மொச்சைக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். மின்சாரக் கம்பி வந்த பிறகும் இதேதான். கட்டணம் கட்டுகிறோம், விளக்குப் போடுவதில்லை. எங்கள் பிள்ளைகளும் இருட்டில் வளர்ந்தார்கள், எங்கள் செடிகளும் இருட்டில் வளர்ந்தன. அதில் செடிக்கு ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று நாங்கள் என்ன கண்டோம்.

அந்தப் பதினோரு வருடத்தில் லயாஷி வீட்டில் படுத்தது அபூர்வம். மேலே தேவதாருக் காட்டில் ஒரு பாறையடி, அதுதான் படுக்கை. நாய் குரைத்தால் எழுந்து உட்காருவார், நாய் குரைக்காவிட்டால் ஏன் குரைக்கவில்லை என்று எழுந்து உட்காருவார். அவருடைய தாயை அடக்கம் செய்தபோது கீழே ஜீப் நின்றதால் காட்டிலிருந்தபடியே தொழுதார். ஒரே மகளின் கல்யாணத்தன்று ஆட்டுக்கொட்டிலில் நின்று மேளத்தைக் கேட்டார். மகள் மணக்கோலத்தில் கொட்டிலுக்குள் வந்து அவர் கையை முத்தமிட்டுவிட்டுப் போனாள். வந்தவர்களிடம் அக்கா, அவர் ஸ்பெயினில் இருக்கிறார் என்று சொன்னாள். ஸ்பெயினிலிருந்து ஆட்டுப் புழுக்கை நாற்றம் அடிக்கிறதே என்று ஒரு கிழவி கேட்டாள்.

பிறகு ஒரு ஆகஸ்டில் அரசரின் மன்னிப்பு வந்தது. எங்களைப் போன்ற ஆயிரக்கணக்கான சம்சாரிகளின் வழக்குகளைத் தள்ளுபடி செய்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். லயாஷி மூன்று நாள் நம்பவில்லை. நான்காம் நாள் பட்டப்பகலில் இறங்கி வந்து என் காரில் முன்னிருக்கையில் உட்கார்ந்தார். சந்தையில் காவல் நிலையத்துக்கு எதிரே உள்ள கடைதான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி, அங்கே உட்கார்ந்து ஒரு காபியை முக்கால் மணி நேரம் குடித்தார். வாசலில் நின்ற காவலர் ஒருவர் இவரைப் பார்த்துத் தலையசைத்தார். இவர் பாதி எழுந்து, ஓட வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்தார்.

ஆனால் வீட்டில் தூக்கம் வரவில்லை. மன்னிப்பு வழக்கைத் தள்ளியதே தவிர அவர் காதைத் தள்ளவில்லை. படுப்பார், எழுவார், ஜன்னலுக்குப் போவார். வெளியே கும்மிருட்டு, ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாததுதான் அவருக்குப் பயம். அந்தக் குளிர்காலத்தில் தெத்துவான் போய் ஒரு விளக்கு வாங்கி வந்தார். சூரியத் தகடு வைத்தது, தெருவில் மாட்டுகிற பெரிய விளக்கு. கூரை மூலையில் இரும்புக் குழாய் நட்டு, ஊர்ப் பாதையும் அதை ஒட்டிய கீழ்வயலும் நன்றாகத் தெரியும்படி மாட்டினார். இருட்டினால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும்.

இவ்வளவு வெளிச்சம் எதற்கு என்று அக்கா கேட்டாள்.

"இனிமே இந்த வீட்ல இருட்டே வேணாம் மெனானா. பதினோரு வருஷத்து இருட்டு எனக்குப் போதும்" என்றார்.

அன்று படுத்தவர் காலையில் வெயில் முகத்தில் விழும்வரை எழவில்லை. ஜன்னல் வழியாக வெளிச்சம் கட்டிலில் விழ, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாராம். அக்கா இதை என்னிடம் சொல்லும்போது அழுதாள். அதற்கு முன்னால் அக்கா அழுது நான் பார்த்ததில்லை.

அந்த வருடம்தான் சட்டப்படி பயிரிடக் கூட்டுறவு ஒன்று தொடங்கியது. மருந்துக் கம்பெனிக்குப் பூ கொடுக்க வேண்டும். விதை அவர்களுடையது, கடல் தாண்டி வந்தது, போதை இல்லாதது. எங்கள் பக்கத்து வயல்காரர் புஷ்தா, வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஆள், அந்த விதையைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதப் புகைச்சா தலையும் சுத்தாது, கவலையும் போகாது. கொட்டையடிச்ச கழுதை மாதிரி" என்றார். சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். லயாஷி இரண்டாவது.

ஒப்பந்தத்தில் இருந்த விஷயம் எல்லோருக்கும் உறைத்த மாதிரி லயாஷிக்கும் உறைத்தது. மழைக்கு முன்னால் பூ கொண்டுவந்து கொடுத்தவனுக்குத்தான் அடுத்த வருடம் இடம். கொடுக்காதவனுக்குப் பதிலாக வெளியே காத்திருக்கும் ஊர்களிலிருந்து ஒருவனை எடுத்துக்கொள்வார்கள். இடம் போனால் பழையபடி நாட்டு விதை, காகிதம் இல்லாத பயிர், ஜீப், காடு. மன்னிப்பு ஒரு தடவைதான் வரும். லயாஷி இதைத் தினமும் ஒரு தடவையாவது சொல்வார், கஞ்சி குடிக்கும்போதுகூட.

கூட்டுறவின் இன்ஜினியர் பெயர் நௌஃபல். மெக்னெஸில் படித்த பையன், குணத்தில் குறை சொல்ல முடியாது, எங்கள் வீட்டுக் கஞ்சியை ரசித்துக் குடிப்பான். அவன் எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினான். இந்த விதை ஜூனில் பூக்காது, ஆகஸ்டில்தான். அதுவரை செடி வளர வேண்டும், அதனால் தழைச்சத்து, யூரியாவும் புழுக்கைக் கரைசலும். பெண் பூவின் வெள்ளை முடி கணுவில் தெரிந்ததும் யூரியாவை நிறுத்திவிட வேண்டும். அதற்கப்புறம் மணிச்சத்தும் சாம்பல்சத்தும். அறுப்புக்கு முந்தைய வாரங்களில் வெறும் தண்ணீர். லயாஷிக்குப் படிப்பு கிடையாது, ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஆள். முடி தெரிகிறவரை யூரியா, முடி தெரிந்தால் மற்றது. இதை ஓதுகிற மாதிரி மனப்பாடம் செய்துகொண்டார்.

மே மாதம் நாற்று நட்டோம். லயாஷிக்குக் கூட்டுறவு ஒதுக்கியது கீழ்வயல் மட்டும், ஏனென்றால் புதிதாகக் கட்டிய சிமென்ட் தண்ணீர்த் தொட்டி அதன் தலைமாட்டில்தான் இருந்தது. சொட்டுக் குழாய் போட்டார்கள். ஜூலையில் செடி அவர் மார்பளவு நின்றது, ஆகஸ்ட் தொடக்கத்தில் அவர் தலையைத் தாண்டியது. இலை கறுத்த பச்சை. ஊரே வந்து பார்த்தது. சந்தையில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து என்ன போடுகிறாய் என்று கேட்டார்கள். பதினோரு வருடம் யாரும் முகம் பார்த்துப் பேசாத மனிதர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு யூரியாக் கணக்கு சொன்னார். அதைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் பாதியில் புஷ்தா வயலில் வெள்ளை முடி வந்துவிட்டது. மற்றவர்கள் வயலிலும் வந்தது. லயாஷி தினமும் காலையில் கணு கணுவாகப் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. முடி வரவில்லையே, அப்படியென்றால் இன்னும் வளர்கிற பருவம்தான், அப்படியென்றால் யூரியா. இன்னொரு மூட்டை பிரித்தார். செடி இன்னும் ஒரு சாண் ஏறியது.

புஷ்தா வரப்பில் நின்று, "லயாஷி, பூவ விடு. இது கொஞ்சம் தடிச்சதும் வெட்டி உத்திரம் போட்டுக்க, கூரை நிக்கும்" என்றார்.

லயாஷி சிரிக்கவில்லை. என் காரில் ஏறி கூட்டுறவுக்குப் போய் நௌஃபலைக் கையோடு கூட்டிவந்தார். உச்சி வெயில் நேரம். நௌஃபல் செடியைப் பார்த்தான், மண்ணைப் பிசைந்தான், காலி மூட்டைகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தான். இவ்வளவு தழைச்சத்து கொடுத்தால் செடிக்கு இலை விடத்தான் தோன்றும், பூப்பதற்கு எங்கே மனசு வரும் என்றான். முடி வரும்வரை போடச் சொன்னது நீதானே என்று லயாஷி கேட்டார். அவன், யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள், சாம்பல்சத்து கொடுங்கள், பத்து நாளில் வரும் என்றான். தண்ணீர் குடித்துவிட்டு வெயில் தாழ்வதற்குள் கிளம்பிவிட்டான். மலைப்பாதையில் இருட்டில் வண்டி ஓட்ட அவனுக்குப் பயம்.

பத்து நாள் போனது, வரவில்லை. விதையில் மோசடி என்றார் லயாஷி. ஒரே பையிலிருந்து பங்கு போட்ட விதை, புஷ்தாவுக்குப் பூத்திருக்கிறதே என்றேன். அப்படியானால் கண்ணேறு, புஷ்தாவின் கண்தான் என்றார். அக்கா படிகாரத்தை நெருப்பில் போட்டு வயலைச் சுற்றிவந்தாள். லயாஷி வரப்புக்குப் போய், என் பயிரைப் பார்த்துப் பேசினால் பல்லை உடைப்பேன் என்று புஷ்தாவிடம் கத்தினார். புஷ்தா, பாவம், அதற்கப்புறம் தன் வயலுக்கே சுற்றுப்பாதையில் போனார். இரவில் மட்டும் லயாஷி நன்றாகத் தூங்கினார். வெளிச்சம் இருந்ததே. பகலெல்லாம் பூவுக்குப் பதறுவார், விளக்கு எரிந்ததும் படுப்பார்.

செப்டம்பரில் அக்கா கண்ணில் ஒன்று பட்டது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கொஞ்சம் செடிகள் பூத்திருந்தன. கொத்துக் கொத்தாக, பிசின் மினுங்க, புஷ்தாவின் செடிகளுக்குக் குறையாத பூ. லயாஷியைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் உட்கார்ந்து அந்தப் பூக்களை முகத்தோடு சேர்த்துக்கொண்டார். தொட்டியின் அடியில் ஒரு கசிவு இருந்தது. அப்படியானால் தண்ணீர்தான் குறைவு என்று முடிவு கட்டி, மற்ற செடிகளுக்கு இரட்டைத் தண்ணீர் பாய்ச்சினார். நானும் ஆமாம் போட்டேன். இப்போது நினைத்தால் எங்கள் எல்லோரையும் ஒரே கம்பால் அடிக்கலாம் போலிருக்கிறது.

இரண்டாவது வாரம் ஒரு மாலை அக்கா அந்தத் தொட்டியடியில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். நான் பாதையில் காரை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். பொழுது மங்கியது, கூரையில் விளக்கு எரிந்தது. வயல் முழுக்க வெளிச்சம் விழுந்தது, தொட்டியின் நிழல் மட்டும் சரிவில் நீளமாகக் கிடந்தது. அக்கா நின்றது அந்த நிழலுக்குள். அவள் நிமிர்ந்து பார்த்தாள், குனிந்து பார்த்தாள். அரிவாளைப் போட்டுவிட்டு நிழலின் ஓரத்தோடு நடந்தாள். நிழல் முடிகிற இடத்தில் பூவும் முடிந்தது. ஒரு செடி பாதி நிழலில், பாதி வெளிச்சத்தில் நின்றது. நிழல்பக்கக் கிளை பூத்திருந்தது, இந்தப் பக்கம் வெறும் இலை.

என்னைக் கூப்பிட்டு நௌஃபலுக்குப் போன் போடச் சொன்னாள். போட்டேன். விளக்கு, நிழல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்த விளக்கு? நான் வந்தப்ப எந்த விளக்கும் எரியலயே" என்றான்.

"பட்டப்பகல்ல எதுக்குய்யா எரியும்?" என்றேன்.

அவன் குரல் இறங்கிப்போயிற்று. இந்த விதைக்கு இரவு நீண்டால்தான் பூக்கும் காலம் என்று தெரியும், நடுவில் வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் அதற்கு இன்னும் ஜூன் மாதம்தான் என்று சொன்னான். எங்கள் ஊரில் எவனும் விளக்கே போடுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்ததால் அதைப் பற்றிப் பேசத் தோன்றவில்லையாம். சரி, இன்றைக்கு அணைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். முடி வர இரண்டு வாரம், பூ முற்ற அதற்கு மேல் ஒன்றரை மாதம் என்றான். அதற்குள் மழை வந்துவிடும் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனாலும் அணைத்துவிடுங்கள், மழை தாமதித்தால் பார்க்கலாம் என்றான்.

அக்கா லயாஷியிடம் சொன்னாள். அவர் முதலில் கோபப்பட்டார், விளக்குக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம், அடுப்புக்கும் மழைக்கும் முடிச்சுப் போடுகிறாயே என்றார். அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தப் பாதிச் செடியின் முன்னால் நிறுத்தினாள். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஏணியை எடுத்துக் கூரையில் ஏறி, தானே கம்பியைக் கழற்றினார். இறங்கும்போது ஒரு படி தவறியது, நான் பிடித்துக்கொண்டேன்.

கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினார். அக்கா வழியை மறித்தாள்.

"அப்ப ஜீப்புக்காரனுக்குப் பயந்து போனீங்க. இப்ப யாருக்குப் பயந்து போறீங்க?"

"யாருக்கும் இல்ல. இந்த இருட்டுல உள்ள படுத்தா காதடைக்குது. மேல காட்டுல படுத்தா கொஞ்சம் கேக்கும்."

"கேக்கறதுக்கு அங்க என்ன இருக்கு? ஒங்கள இனி யாரும் தேடல."

"தெரியும். ஒடம்புக்குத் தெரியலயே" என்றார். அவள் விலகி வழிவிட்டாள்.

செப்டம்பர் கடைசியில் முடி வந்தது, அக்டோபரில் பூவும் பிடித்தது. நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மழை தாமதிக்கவில்லை. தழைச்சத்தும் தண்ணீரும் தின்று கொழுத்த செடி ஈரத்தைத் தாங்காது, பஞ்சுப் பூவுக்குள் சாம்பல் நிறத்தில் பூஞ்சை இறங்கியது. விரலால் தொட்டால் தூளாக உதிர்ந்தது. கூட்டுறவுக்கு நாங்கள் கொண்டுபோனது அந்தத் தொட்டி நிழலில் விளைந்தது மட்டும், ஒரு சாக்கின் அடிகூட நிறையவில்லை. தலைவர் மரியாதையாகப் பேசினார். புதினா டீ வரவழைத்தார், சர்க்கரை போதுமா என்று கேட்டார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், வெளியே பலபேர் காத்திருக்கிறார்கள் என்றார். நௌஃபல் எங்களுக்காக வாதாடினான், அதையும் சொல்ல வேண்டும். புஷ்தாகூட எழுந்து நின்று, லயாஷிக்கு இன்னொரு வருடம் கொடுங்கள் என்றார். விதி எழுதியவர்கள் அங்கே யாரும் இல்லை, படிப்பவர்கள்தான் இருந்தார்கள். லயாஷி டீயை முழுக்கக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தார். அந்த நன்றிக்காக அவரை வழியெல்லாம் திட்டினேன்.

பயிர் போனபின் விளக்கு எரிந்தால் யாருக்கு என்ன நஷ்டம், மறுபடி மாட்டுங்கள் மச்சான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அதை ஏற்கனவே இறக்கிச் சாக்கில் சுற்றிக் கொட்டில் பரணில் வைத்துவிட்டார். வரும் வருடம் நாட்டு விதைதான், காகிதம் இல்லாத பயிர் இருக்கிற வீட்டுக்கு விளக்கு ஆகாது, உனக்குத் தெரியாததா என்றார். எனக்குத் தெரியும். தம்லால்த்தில் பிறந்தவனுக்கு அது எப்படித் தெரியாமல் போகும்.

மார்ச்சில் மேல்வயல்களில் நாட்டு விதை போட்டார். புழுக்கை, கொஞ்சம் மழை, வேறொன்றும் இல்லை. அந்தச் செடி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, ஜூன் பிறந்ததும் பூக்கத் தயாராகிவிட்டது. அந்த வாரமே ஜீப் வந்தது. இந்த முறை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, இடத்துக்காகக் காத்திருந்தவர்களா, இடம் கிடைத்தவர்களா, யாரோ. லயாஷி காட்டில்தான் இருந்தார், அதனால் ஓடவேண்டிய வேலைகூட இல்லை. ஜீப்பிலிருந்து இறங்கிய இளைஞர்கள் செடியைத் தொடவில்லை. வீட்டுக்காரர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். மன்னிப்பு பழைய வழக்குகளுக்கு, இது புது வழக்கு என்று விளக்கமாகவே சொன்னார்கள். அவர் எங்கே என்றார்கள். ஸ்பெயினில் என்றாள் அக்கா.

மறுநாள் ஆண் செடி பிடுங்க நானும் அவளோடு மேல்வயலில் இறங்கினேன். பெண்கள் வேலைதான், ஆனால் ஆள் இல்லை. அவள் குனிந்தபடியே போனாள், ஆணை ஒரு பார்வையில் கண்டுபிடித்து வேரோடு இழுத்து எனக்குப் பின்னால் எறிந்துகொண்டே வந்தாள். வயல் பாதி முடிந்தது. பிறகு நிமிராமலே சொன்னாள்.

"தம்பி, நான் அன்னைக்கு வாயத் தொறந்திருக்கக் கூடாது."

"எதப் பத்தி?"

"தொட்டி நிழலப் பத்தி. சொல்லியும் பயிரு போச்சு. சொல்லாம விட்டிருந்தாலும் போயிருக்கும். ஜீப்பும் வரத்தான் வந்திருக்கும். அதுவரைக்குமாவது அந்த மனுஷன் தன் வீட்ல தூங்கியிருப்பாரு."

அப்படி இல்லை அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அப்படித்தான். பின்னால் கிடந்த ஆண் செடிகளை அள்ளிக் கட்டினேன். அவள் அடுத்த செடியைப் பிடுங்கினாள்.